வாசகர் கேள்வி–பதில்: பிலிமும் இருட்டறையும்

பிலிம் கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்திருப்பவர்களும், பல ஆண்டுகளுக்கு முன் மூடிவைத்த இருட்டறையை மறுபடி திறக்க நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களிலிருந்து சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தாத்தாவின் கேமரா வீட்டுப் பீரோவில் கிடைத்தது. ஷட்டர் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் ஒளிமானி வேலை செய்யவில்லை. 200 ஐ.எஸ்.ஓ. கலர் நெகட்டிவ் பிலிம் ஒன்று வாங்கியிருக்கிறேன். லென்ஸைச் சுற்றி 2.8, 4, 5.6, 8 என்று இருக்கும் எண்களுக்கும், மேலே 60, 125, 250 என்று இருக்கும் எண்களுக்கும் என்ன தொடர்பு? மானி இல்லாமல் படம் எடுக்க முடியுமா?
— கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: முடியும், அந்த எண்களின் கணக்கு பிடிபட்டுவிட்டால் போதும். லென்ஸின் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் லென்ஸைச் சுற்றியுள்ள எண். உங்களுடையது 50 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 4 என்ற இடத்தில் துளையின் விட்டம் 12.5 மி.மீ.; 8 என்ற இடத்தில் 6.25 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்குதான். ஆகவே 4இலிருந்து 8க்குப் போனால் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. சரிபாதியாகக் குறையும் இடம் இடையில் இருக்கும் 5.6. இப்படி ஒளி பாதியாவதையோ இரட்டிப்பாவதையோதான் ‘ஒரு ஸ்டாப்’ என்கிறோம். மேலே இருக்கும் எண்கள் வினாடியின் பின்னங்கள்: 125 என்றால் ஒரு வினாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும், 250 என்றால் ஏறத்தாழ அதில் பாதி. துளையில் ஒரு ஸ்டாப் கூட்டி ஷட்டரில் ஒரு ஸ்டாப் குறைத்தால், பிலிமின் மேல் விழும் மொத்த ஒளி மாறாது.

இப்போது வெயிலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நிழல் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விழும் வெயிலில், துளையை 16இல் வைத்து, ஷட்டரை பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு, அதாவது ஒளியுணர்வைக் குறிக்கும் எண்ணுக்கு, மிக அருகில் உள்ள எண்ணில் வையுங்கள்; உங்கள் 200 பிலிமுக்கு அது 250. நிழலின் ஓரம் மங்கியிருந்தால் துளை 11, நிழல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தால் 8, நிழலே விழாத இருண்ட மேகமூட்டத்தில் 5.6, வெயில் நேரத்தில் திண்ணையிலோ சுவர் நிழலிலோ உட்கார்ந்திருப்பவரை எடுக்க 4. சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரு ஸ்டாப் ஒளியைக் கூடவே கொடுங்கள். நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கிக்கொள்ளும்; குறைந்த ஒளியைத் தாங்காது. ஸ்லைடு பிலிமுக்கு இது நேர் எதிர் என்பதை நினைவில் வையுங்கள்.

பிலிமைப் போடுவதற்கு முன் பின்கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கருப்பு நுரைப்பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். அது பிசுபிசுத்துக் கையில் ஒட்டினால் மாற்றிவிடுவது நல்லது. அந்த இடுக்கின் வழியாகத்தான் பழைய கேமராக்களில் பெரும்பாலும் ‘லைட் ஏறும்’.

கேள்வி: ஒளிமானி உள்ள கேமராவில், மானி காட்டியபடியே எடுத்து, வீட்டிலேயே முதல் கருப்பு–வெள்ளை ரோலைக் கழுவினேன். நெகட்டிவ் கண்ணாடி மாதிரி வெளிறிப்போய் வந்திருக்கிறது. டெவலப்பர் கெட்டுப்போயிருக்குமா? ஒரு துண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த ரோலைக் கூடுதல் நேரம் டெவலப் செய்தால் சரியாகிவிடுமா?
— வாசகர், மதுரை

பதில்: துண்டை அனுப்பியது நல்லதாயிற்று. நெகட்டிவைப் பார்க்காமல் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

ஆறு ஃபிரேம்கள் உள்ள அந்தத் துண்டை ஒளிப்பெட்டியின் மேல் வைத்து, படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பார்த்தேன். துளைகளுக்கு அருகே பிலிமின் பெயரும் 18, 18ஏ, 19 என்ற எண்களும் அச்சாகியிருக்கின்றன அல்லவா? அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதியப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பிலிமைக் கழுவும் உங்கள் டாங்கில், உங்கள் டெவலப்பரில்தான் அவை கறுத்து வெளிப்படுகின்றன. ஆகையால் டெவலப்பர் வேலை செய்ததா என்பதற்கு அந்த எண்களே சாட்சி. உங்கள் துண்டில் அவை அட்டைக்கரியாக, ஓரம் சிதறாமல் இருக்கின்றன. டெவலப்பரில் குற்றமில்லை, பிலிமுக்குப் போதிய ஒளி போய்ச் சேரவில்லை.

ஓர எண்களும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பர் பழசு, குளிர்ச்சி அதிகம், நேரம் போதவில்லை, அல்லது தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். எண்கள் நன்றாக இருந்து ஃபிரேம்கள் முழுக்க வெறுமையாக இருந்தால் பிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை. எண்களும் இல்லாமல் பிலிம் முழுக்கத் தெளிந்த கண்ணாடியாக வந்தால் டெவலப்பருக்கு முன்னால், படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்ஸரை ஊற்றியிருக்கிறோம். ஒரே மாதிரி பாட்டில்களை வைத்திருப்பவர்களுக்கு இது ஒருமுறையாவது நடக்கும். பாட்டில் மூடிகளுக்கு வேறு வேறு நிறம் பூசிவிடுங்கள்.

சரி, ஒளி ஏன் போதவில்லை? உங்கள் மூன்றாவது ஃபிரேமில் ஒரு மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வெயில் படும் சுண்ணாம்புச் சுவர். கேமராவின் மானிக்குச் சுவர், முகம் என்ற வேறுபாடு தெரியாது. தான் பார்க்கும் எல்லாவற்றையும் கலந்து, அது நடுத்தரச் சாம்பல் நிறமாக வரவேண்டும் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் முக்கால் பங்கு இடத்தை அடைத்துக்கொண்டதால், அந்த வெள்ளையைச் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளியைக் குறைத்துவிட்டது. அதனால் நிழலில் இருந்த முகம் அடியோடு போயிற்று. கண்ணுக்குக் கீழும் புடவையின் மடிப்பிலும் வெறும் பிலிம்தான் இருக்கிறது. வெள்ளை வேட்டி, கடற்கரை மணல், உப்பளம், வெளுத்த வானம் எல்லாமே இப்படி ஏமாற்றும்.

இதற்கு எளிய வழி உள்ளங்கை. படமெடுக்கும் ஆள் இருக்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, ஃபிரேம் முழுவதும் அது நிறையும்படி கேமராவை அருகில் கொண்டுபோய் அளந்து, மானி காட்டியதைவிட ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி கொடுங்கள். நம் உடல் நிறம் எதுவானாலும் உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமாகவே இருக்கும். இன்னும் நுட்பமாக வேண்டுமானால், விவரம் தெரிந்தே ஆகவேண்டிய இருண்ட பகுதியை மட்டும் அளந்து, அந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்கலாம். கலிஃபோர்னியாவில் ஆன்ஸல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த ‘ஜோன் சிஸ்டம்’ என்ற முறையின் அடிப்படை இதுதான்: நிழலுக்காக எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்காக டெவலப்மென்ட்.

கூடுதல் நேரம் டெவலப் செய்வது பற்றிய உங்கள் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. டெவலப் நேரத்தைக் கூட்டினால், ஏற்கெனவே நிறைய ஒளி வாங்கிய சுவர் இன்னும் கறுத்துக்கொண்டே போகும். ஒளியே வாங்காத முகத்தில் டெவலப்பர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 400 பிலிமை 1600 என்று வைத்து எடுத்து நேரத்தைக் கூட்டும் ‘புஷ்’ முறையில், கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) ஏறுவதற்கும் நிழல்கள் விவரமின்றிக் கறுத்துப்போவதற்கும் காரணம் இதுவே. இரவு நாடக மேடைக்கு அது தேவைப்படலாம். பகலில் திண்ணையில் இருக்கும் பாட்டிக்குத் தேவையில்லை.

கேள்வி: ஸ்டுடியோக்காரர்கள் ‘பிலிம் கழுவித் தருகிறோம்’ என்று சொல்வார்கள். உண்மையில் எது கழுவப்படுகிறது? ஹைப்போ என்பது என்ன?
— பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பேச்சு வழக்கில் வந்த சொல்லானாலும் அதில் பாதி உண்மை இருக்கிறது. பிலிமின் மேல் ஜெலட்டின் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அதனுள் சில்வர் புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளின் நுண்ணிய படிகங்கள் பரவியிருக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் தனியே பிரிந்து ஒரு புள்ளியாகச் சேர்கின்றன. எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் அப்போது பிலிமில் படம் தெரியாது. ஆனால் படம் பதிந்துவிட்டது. டெவலப்பர் அந்தப் புள்ளியிலிருந்து தொடங்கி, படிகம் முழுவதையும் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒருசில அணுக்களின் மாற்றத்தைக் கோடிக்கணக்கான அணுக்களின் மாற்றமாகப் பெருக்கிக் காட்டுவதுதான் டெவலப்பர் செய்யும் வேலை. கறுப்பாகத் தெரிவது மிக நுண்ணிய துகள்களாக இருக்கும் வெள்ளி.

அதற்குப் பிறகு ஒளி படாத படிகங்கள் எஞ்சி நிற்கும். அவற்றை அகற்றாவிட்டால் வெளிச்சம் பட்டதும் பிலிம் முழுவதும் கறுக்கும். அவற்றைக் கரைத்து எடுப்பது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். ஒளிப்படக் கலை பிறந்த 1839இல் அந்த அறிவு படத்தை நிலைநிறுத்தப் பயன்பட்டது. ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்ற சொற்களை இத்துறையில் வழங்கியவரும் அவரே. இன்று விற்கும் வேகமான ஃபிக்ஸர்களில் சோடியத்துக்குப் பதில் அம்மோனியம் தயோசல்ஃபேட் இருக்கிறது.

வேதியியல் ஆசிரியராக இருப்பீர்களானால் மாணவர்களோடு டெவலப்பரையே செய்துபார்க்கலாம். கோடாக் நிறுவனத்தின் டி-76 என்ற கலவை 1920களிலிருந்து இன்றுவரை மாறாமல் புழங்குகிறது: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர். முதல் இரண்டில் மெட்டாலும், பிறகு வரும் ஹைட்ரோகுவினோனும் வெள்ளியைப் பிரிப்பவை. வெண்காரம் அதற்கு வேண்டிய காரத்தன்மையைத் தருகிறது. சல்ஃபைட் கலவை காற்றில் கெடாமல் காக்கிறது. சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகு மீதிச் சல்ஃபைட் என்ற வரிசையைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை அவசியம்.

கேள்வி: எல்லாப் பட்டியல்களிலும் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாயில் மார்ச் மாதத்திலேயே 31 டிகிரியில் தண்ணீர் வருகிறது. என்ன செய்வது?
— வாசகர்கள் மூவர், சென்னை, ஒருவர், வேலூர்

பதில்: இந்த ஒரு கேள்வியே நம் ஊரில் பலரை இருட்டறையிலிருந்து விரட்டியிருக்கிறது, விரட்ட வேண்டிய அவசியமில்லை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் டெவலப் நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். எச்.பி.5 பிளஸ் பிலிமை நீர்க்காத டி-76இல் 20 டிகிரியில் 7½ நிமிடம் டெவலப் செய்ய வேண்டும். 31 டிகிரியில் அது மூன்று நிமிடத்துக்கும் கீழே போய்விடும். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் சில வினாடிகளே பெரிய வேறுபாடாகி, வானம் போன்ற சமதளமான பகுதிகளில் திட்டுத்திட்டாக வரும். அதே டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் சுமார் 7½ நிமிடம் வரும். ஆகவே 20ஐத் துரத்த வேண்டாம், 24ஐப் பிடியுங்கள் என்பதே என் யோசனை.

24ஐப் பிடிப்பது கடினமல்ல. ஓர் அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி, உறைவிப்பானில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டைப் போட்டு, டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் பாட்டிலோடு அதில் நிறுத்திவைத்து, ஒன்றுக்கு ஒன்று ஓரிரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராதபடி அளந்துகொண்டு தொடங்குங்கள். வேலூர், மதுரை போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் மண்பானைத் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். சென்னையின் ஈரக் காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது. பனிக்கட்டியை டெவலப்பருக்குள் போடக் கூடாது. உருகும் ஒவ்வொரு துண்டும் கலவையை நீர்க்கச் செய்துவிடும்.

அலசும் தண்ணீரையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகலில், டெவலப்பரையும் ஃபிக்ஸரையும் பார்த்துப் பார்த்துக் குளிரவைத்துவிட்டு, கடைசியில் பிலிமைக் குழாய்க்கு அடியில் நேராகக் காட்டினேன். மொட்டைமாடித் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர் அது. காயவைத்த பிறகு லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஜெலட்டின் முழுவதும் சுருங்கி, வற்றிய ஏரியின் வெடிப்புகள்போல் கோடு கோடாக இருந்தது. என் தங்கையின் வளைகாப்புப் படங்கள் அந்த ரோலில் இருந்தன. இன்றைய பிலிம்களில் ஜெலட்டினை நன்றாக இறுக்கியிருப்பதால் அவ்வளவு எளிதில் இப்படி ஆவதில்லை. ஆனாலும் சூட்டில் ஊறிய படலம் மெத்தென்று ஆகி நகம் பட்டாலே கீறிவிடும். படிகாரம் சேர்ந்த கெட்டிப்படுத்தும் ஃபிக்ஸரை வெப்ப ஊர்களில் முன்பு விரும்பிப் பயன்படுத்தியது இதற்காகத்தான்.

கலர் நெகட்டிவுக்கான சி-41 முறைக்கு வேண்டியது ஏறத்தாழ 38 டிகிரி. குளிர் நாட்டினர் அதற்காகத் தண்ணீரைச் சூடாக்கித் திண்டாடுகிறார்கள். நமக்குக் கொஞ்சம் வெந்நீர் கலந்தால் போதும்.

கேள்வி: பிலிமை எவ்வளவு நேரம் ஃபிக்ஸரில் வைக்க வேண்டும்? அலசுவதற்கு அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட எங்கள் குடியிருப்பில் தண்ணீர் கிடையாது. காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறது.
— வாசகி, தாம்பரம்

பதில்: கேமராவில் மாட்டும்போது வீணாகும் பிலிமின் நாக்கைத் துண்டாக நறுக்கி, வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, பால்போல் இருப்பது தெளிந்து கண்ணாடியாக எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு, நிதானத்துக்கு மூன்று மடங்கு நேரம் வைத்தால் போதும். புதிய ஃபிக்ஸரில் ஆன நேரத்தின் இரண்டு மடங்கு ஆகத் தொடங்கினால் அந்த ஃபிக்ஸரை ஒதுக்கிவிடுங்கள். அதில் வெள்ளி கரைந்திருப்பதால் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். எக்ஸ்ரே நிலையங்களிலிருந்து பழைய ஃபிக்ஸரை வாங்கி வெள்ளி பிரிப்பவர்களிடம் சேர்த்துவிடலாம்.

அலசுவதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். கெட்டிப்படுத்தாத ஃபிக்ஸராக இருந்தால், டாங்கை அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் நிரப்பி ஐந்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. இல்ஃபோர்ட் நிறுவனம் பரிந்துரைக்கும் முறை இது. திட்டு விழுவது ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பால். கடைசி அலசலை மட்டும் காய்ச்சி வடித்த நீரில், ஈரமாக்கும் திரவம் ஓரிரு துளி சேர்த்துச் செய்து, துடைக்காமல், மின்விசிறியைப் போடாமல், குளியலறையில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: பிரிண்ட் போடும்போது சிவப்பு விளக்கு எரிகிறது. பிலிமை டாங்கில் போடும்போது மட்டும் ஏன் அதுவும் கூடாது?
— மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கருப்பு–வெள்ளைத் தாள் நீல, பச்சை ஒளிக்கு மட்டுமே எதிர்வினை காட்டும், சிவப்பு அதற்கு இருட்டு. இன்றைய பிலிம்கள் மனிதக் கண் காணும் எல்லா நிறங்களையும் காண்பவை. அவற்றுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். ஆகவே முழு இருட்டில், கைத் தடவலில்தான் டாங்குக்குள் வைக்கும் சுருளில் ஏற்ற வேண்டும். ஒரு பழைய ரோலை வைத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். பிளாஸ்டிக் சுருள் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிம் நடுவழியில் நின்றுவிடும். ஒளி புகாத மாற்றும் பைக்குள் கை வியர்த்தால் அவசரப்பட்டு இழுக்காமல், பிலிமை டாங்கில் வைத்து மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு தொடருங்கள்.

கேள்வி: பழைய என்லார்ஜர் ஒன்று வாங்கிவிட்டேன். பிரிண்டுகள் சாம்பல் பூத்தாற்போல் வருகின்றன. டெவலப்பரில் கறுத்துக்கொண்டே போவதால் அரை நிமிடத்திலேயே எடுத்துவிடுகிறேன். டெஸ்ட் ஸ்ட்ரிப், டாட்ஜிங், பர்னிங் என்பவற்றையும் விளக்க வேண்டும்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: நோயையும் காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அரை நிமிடத்தில் பிடுங்கிய தாளில் கறுப்பு முழுமையாக எழ நேரமில்லை. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளுக்கு ஒரு நிமிடம், ஃபைபர் தாளுக்கு இரண்டு நிமிடம் என்று முழுநேரம் வைத்திருங்கள். அதற்குள் அளவுக்கு மீறிக் கறுத்தால், குறைக்க வேண்டியது, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரின் ஒளியையே.

எவ்வளவு குறைப்பது என்பதைச் சொல்வதுதான் டெஸ்ட் ஸ்ட்ரிப். லென்ஸை அதன் முழுத் திறப்பிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து வையுங்கள். ஒரு தாளை மூன்று விரல் அகலத்துக்கு நறுக்கி, படத்தில் வெளிச்சமும் நிழலும் சேர்ந்து விழும் இடத்தில் கிடத்துங்கள். முழுத் துண்டுக்கும் 4 வினாடி. பிறகு ஒரு கனமான அட்டையால் ஐந்தில் ஒரு பங்கை மூடி இன்னொரு 4 வினாடி. இப்படியே மூடிக்கொண்டு போனால் 4, 8, 12, 16, 20 வினாடிகள் என ஐந்து பட்டைகள் கிடைக்கும். ஃபிக்ஸரில் போட்ட பிறகு வெள்ளை விளக்கில் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தில் எந்தப் பிரிண்டும் உண்மையைவிடக் கறுப்பாகத் தோன்றி நம்மை ஏமாற்றும்.

அந்தப் பட்டைகளில் முதலில் கறுப்பைத் தேடாதீர்கள். வெள்ளைப் பகுதியை, அதாவது வேட்டியின் நெசவோ மேகத்தின் விளிம்போ தாளின் வெறும் வெண்மையிலிருந்து பிரிந்து முதன்முதலாகத் தெரியும் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் உங்கள் நேரம். அந்த நேரத்தில் கறுப்பு போதாமல் சாம்பலாக இருந்தால் கான்ட்ராஸ்ட் ஃபில்டரைக் கூட்டுங்கள். நிழலெல்லாம் அடைத்துப்போனால் குறையுங்கள். மல்டிகிரேட் தாளுக்கு 00 தொடங்கி 5 வரை ஃபில்டர்கள் இருக்கின்றன, 2 நடுத்தரம். வெள்ளையை நேரத்தால் அமைப்பது, கறுப்பை ஃபில்டரால் அமைப்பது என்ற இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் வீணாகும் தாள் பாதியாகக் குறையும்.

இவ்வளவும் அமைந்த பிறகே டாட்ஜிங்கும் பர்னிங்கும். கம்பியின் நுனியில் காசளவு அட்டையை ஒட்டி, ஒளி விழும்போது முகத்தின் மேல் சில வினாடி மறைத்தால் அந்த இடம் வெளிச்சமாகும், அது டாட்ஜிங். நடுவில் ஓட்டையிட்ட அட்டை வழியாகவோ, குவித்த இரு கைகளுக்கு நடுவிலோ வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால் அது கறுக்கும், அது பர்னிங். இரண்டிலும் கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஓரம் கோடாக விழும். செய்ததை உடனே பென்சிலால் எழுதிவையுங்கள்: ‘12 வினாடி, ஃபில்டர் 3, முகம் மறைத்தது 2, இடது வானம் கூட்டியது 8’ என்று. மறுநாள் கைக்கு அது நினைவிருக்காது.

பூத்தாற்போன்ற சாம்பலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் சிவப்பு விளக்கு வெறும் சாயம் பூசிய பல்பாக இருந்தால் சோதித்துவிடுங்கள். என்லார்ஜரால் தாளுக்கு வெளிர்ச் சாம்பல் வரும் அளவு மட்டும் ஒளி காட்டி, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது.

கேள்வி: அப்பாவின் ஸ்டுடியோவை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ‘இந்து’ என்று அச்சிட்ட, பிரிக்காத தாள் பெட்டிகள் இரண்டும், உறைகளில் போட்ட நெகட்டிவ் கட்டுகள் நிறையவும் பரணில் இருக்கின்றன. தாள் இனிப் பயன்படுமா? நெகட்டிவ்களில் சில ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. சிலவற்றில் புளித்த வாடை வருகிறது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்களிடம் இருப்பது உதகமண்டலத்துச் சரக்கு. 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1967 முதல் அங்கே பிலிமும் தாளும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. ‘இந்து’ அதன் வணிகப் பெயர். குளிர்ந்த, தூசியற்ற மலைக்காற்றில் நம் மண்ணிலேயே பூசப்பட்ட அந்தத் தாளில் எத்தனையோ கல்யாணங்கள் அச்சேறியிருக்கின்றன. இன்று அந்தத் தொழிற்சாலை இயங்கவில்லை என்பதால், காலியான பெட்டியைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாள் பயன்படுமா என்பதைப் பத்து நிமிடத்தில் அறியலாம். சிவப்பு விளக்கில் ஒரு தாளை எடுத்து இரண்டு துண்டு நறுக்குங்கள். எந்த ஒளியும் காட்டாமல் ஒன்றை நேராக ஃபிக்ஸரில் போடுங்கள். மற்றதை முழுநேரம் டெவலப் செய்து பிறகு ஃபிக்ஸரில் போடுங்கள். இரண்டும் ஒரே வெண்மையாக இருந்தால் தாள் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது இலேசாகச் சாம்பலாக இருந்தால் டெவலப்பரில் சிறிது பொட்டாசியம் புரோமைடு சேர்த்துப் பார்க்கலாம். அடர்ந்த சாம்பலானால், படம் போட உதவாது. அதன் மேல் வேப்பிலையையோ பூவையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், டெவலப்பரே இல்லாமல் நிழலுருவங்கள் பதியும். பரணின் வெக்கையில் இருந்த தாள் என்பதால் மூன்றாவதையே எதிர்பார்க்கிறேன்.

நெகட்டிவ்கள் தாளைவிட முக்கியமானவை, அவற்றைச் சற்று அவசரமாகவே கவனிக்க வேண்டும். புளித்த வாடை வருபவை அசிட்டேட் பிலிம்கள். பிலிமின் அடித்தளமே சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. ஒன்றில் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவற்றையும் அது விரைவுபடுத்தும். ஆகவே வாடை உள்ளவற்றை இன்றே தனிப் பெட்டிக்கு மாற்றி, முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டிக்கொண்டவற்றைக் காய்ந்த நிலையில் பிரிக்காதீர்கள். படலம் உரிந்து எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் தானாகப் பிரிவதும் உண்டு. ஆனால் பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், சிலந்தி வலைபோல் பூஞ்சைக் கோடுகள் தெரிகிற எதையும் நனைக்க வேண்டாம். மற்றவற்றைப் பரணிலிருந்து இறக்கி, வீட்டின் குளிர்ந்த அறையில், அமிலமற்ற காகித உறைகளில், செங்குத்தாக நிறுத்திவையுங்கள்.

உறைகளை மாற்றுவதற்கு முன், பழைய உறைகளின் மேல் உங்கள் அப்பா எழுதியிருக்கும் பெயர், தேதி, எண் மூன்றையும் ஒரு நோட்டில் படியெடுத்துக்கொண்டு, அதே எண்ணைப் புதிய உறையிலும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நெகட்டிவுக்குள் ஊறும்.